கரைவதும் கரையாததும்

எது அழியாமல் நிற்கிறதோ அதுவே மெய், எது தோன்றி மாறி மறைகிறதோ அது மெய்யின் நிழல் என்னும் எண்ணம் நம் நாட்டுச் சமய சாஸ்திரங்களில் எத்துணை ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. முக்காலத்திலும் பாதிக்கப்படாததே சத்து என்று அத்வைத வேதாந்திகள் இலக்கணம் வகுத்தார்கள். யாக்கையும் இளமையும் செல்வமும் நில்லாதவை என்பதைத் தமிழ் நீதிநூலார் தலைமுறை தலைமுறையாக எடுத்துரைத்தார்கள். சமணரும் பௌத்தரும் தம்முள் எவ்வளவோ மாறுபட்ட போதிலும், அழிவதைப் பற்றுக்கோடாகக் கொள்ளலாகாது என்ற ஓரிடத்தில் வந்து கூடினார்கள். இந்தப் பேருண்மையை மறுத்துரைக்க நான் முன்வரவில்லை. ஆயினும், ஜவ்வாது மலையின் மேற்குப் பகுதியில், திருப்பத்தூரிலிருந்து மலைப்பாதையில் ஏறி அடைகிற புதூர்நாட்டில் பாறை உக்கி உதிர்வதையும், கிழக்கே சதுரங்கப்பட்டினத்துக் கடற்கரையில் அலையானது மணலைக் கொழித்து வகை பிரித்து வைப்பதையும் ஒருங்கே மனத்தில் வைத்து எண்ணும்போது, அழியாமை ஒன்றையே மேன்மைக்கு அளவுகோலாகக் கொண்டுவிட்டதில் ஏதோ ஒன்றை நாம் கவனியாது விட்டுவிட்டோமோ என்ற ஐயம் எழுகிறது.

புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று நாடுகளாகப் பகுத்து வழங்கும் இம்மலையூர்களில் வாழ்பவர்கள் மலையாளி என்னும் பழங்குடி மக்கள். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்களிடையே வழங்கும் மரபுச் செய்தி. சாமையும் கேழ்வரகும் விளைவித்து, தேனும் புளியும் கடுக்காயும் சேகரித்து வாழும் இம்மக்களின் ஊர்கள் சிலவற்றில், புதிய கற்கால மனிதன் தீட்டி மெருகேற்றிய கற்கோடாரிகள் இன்றும் மரத்தடியிலும் சிறு கோயில்களிலும் தெய்வமாக வைத்து வழிபடப்படுகின்றன. ஆக்கியவன் யாரென்று அறியாத நிலையிலும், எத்தனையோ மழைக்காலங்களைக் கண்டும் கூர் மழுங்காது கிடக்கும் அக்கரிய கல்லின்முன் கை தானாகவே குவிகிறது. நிலைத்திருப்பதில் தெய்வத்தைக் காணும் மனம் சாஸ்திரம் கற்றவர்களுக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டியதில்லை.

ஆனால் அந்தக் கோயிலின் பக்கத்திலேயே ஒரு சாமைக் கொல்லை இருக்கும். அக்கொல்லையின் மண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் கதை வேறு விதமாகத் திரும்புகிறது.

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஓர் அங்கம். இதன் உடல் பெரும்பாலும் சார்னகைட் என்னும் பாறையாலும் அதனோடு உறவுடைய வரிப்பாறைகளாலும் ஆனது. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்னும் ஆங்கிலேயரின் கல்லறையை மூடியிருந்த, பல்லாவரம் பகுதியிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட கல்லை 1893-இல் ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து என்னும் புவியியலார் அவர் பெயரையே அப்பாறைக்குச் சூட்டினார்; பூமியில் மிகப் பழமையான பாறை இனங்களில் ஒன்று தன் பெயரை ஒரு கல்லறையிலிருந்து பெற்றது என்பது சிந்தனைக்குரியது. ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலத்தின் அடியில் இருபது கிலோமீட்டருக்கும் கீழே, 700 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பத்தில் உருப்பெற்ற பாறை இது. மேலிருந்த சுமையெல்லாம் யுகக்கணக்கில் அரிக்கப்பட்டுப் போனபின், இன்று 3000 அடிக்கு மேற்பட்ட முகடுகளாக வெயிலிலும் மழையிலும் நிற்கிறது.

மலைப்பாதைக்காகச் சரிவை வெட்டிய இடங்களில் இதன் மரணத்தை அருகிருந்து பார்க்கலாம். உட்புறத்தில் எண்ணெய் தடவினாற்போன்ற கருநீலப் பளபளப்போடு இருக்கும் கல், வெளிப்புறம் வர வரப் பழுப்பேறி, பின் மஞ்சளாகி, இறுதியில் கையால் பிடித்தால் பொடியும் உக்கற்பாறையாக மாறியிருக்கிறது. ஒரு கட்டியை எடுத்து விரல்களுக்கிடையே நசுக்கினால், கண்ணாடித் துணுக்குப் போன்ற குவார்ட்ஸ் மணி உறுத்துகிறது; ஃபெல்ட்ஸ்பார் என்னும் வெண்கனிமம் இருந்த இடத்தில் சுண்ணாம்புபோல் விரலில் ஒட்டும் வெண்பொடி இருக்கிறது; கருநிற அப்பிரகம் பொன்னிறமாக வெளுத்திருக்கிறது; ஆங்காங்கே கடுகினும் சிறிய சிவப்பு மணியாகக் கார்னெட் கெடாமல் நிற்கிறது. காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு சற்றே புளிப்பேறிய மழைநீர், ஃபெல்ட்ஸ்பாரின் கட்டமைப்பினுள் நுழைந்து, பொட்டாசியத்தையும் சோடியத்தையும் கால்சியத்தையும் ஒவ்வொன்றாக விடுவித்து அழைத்துச் செல்ல, எஞ்சியது களிமண்ணாகிறது. எந்தக் கனிமம் முதலில் அழியும், எது கடைசிவரை நிற்கும் என்பதற்கு ஒரு வரிசை உண்டு. அதை 1938-இல் வகுத்துக் காட்டியவர் சாமுவேல் கோல்டிச் என்னும் அமெரிக்கப் புவியியலார். அவர் கண்ட ஒழுங்கு வியப்புக்குரியது: பாறைக்குழம்பில் எந்தக் கனிமம் மிகுந்த வெப்பத்தில் முதலாவதாகப் படிகமாகிறதோ அதுவே தரைக்கு வந்தபின் முதலாவதாகச் சிதைகிறது; வெப்பம் தணிந்தபின் இறுதியாகப் பிறக்கும் குவார்ட்ஸ் இறுதிவரை நிற்கிறது. பிறந்த சூழலுக்கும் வாழ நேர்ந்த சூழலுக்கும் இடையே உள்ள தூரமே ஆயுளை நிர்ணயிக்கிறது.

இவ்வாறு உதிர்ந்தது மழையோடு இறங்குகிறது. மலையின் மேற்கே வழியும் நீர் பாம்பாற்றின் வழியாகத் தென்பெண்ணையைச் சேர்ந்து கடலூருக்கு அருகே கடலை அடைகிறது. கிழக்கே, இம்மலையில் பிறக்கும் செய்யாறு செங்கத்தைக் கடந்து தொண்டை மண்டலத்தின் சமவெளியில் நடந்து, திருமுக்கூடலில் வேகவதியோடும் பாலாற்றோடும் கலந்து, வயலூர் முகத்துவாரத்தில் வங்கக் கடலில் விழுகிறது. நன்னன் என்னும் தலைவனின் மலைநாட்டைப் பாடும் மலைபடுகடாம் சேயாறு என்று குறிப்பிடுவது இந்த ஆற்றைத்தான். தொல்காப்பியம் வகுத்த திணைமுறையில் சொன்னால், சேயோன் மேய மலையுலகத்திலிருந்து வருணன் மேய மணலுலகத்துக்குச் செல்லும் யாத்திரை இது. வழியில் ஆறு பரிசோதனை நடத்திக்கொண்டே போகிறது: கல் சரளையாகி, சரளை மணலாகி, மணல் நுண்ணியதாகிறது, வண்டலும் களியும் வெள்ளக் காலங்களில் கரையேறி வயல்களில் தங்கிவிடுகின்றன, கரைந்த உப்புக்கள் கண்ணுக்குப் புலப்படாமல் நீரோடு கடலுக்குச் செல்கின்றன. முகத்துவாரத்துக்கு வந்து சேர்வது மலையின் முழு உருவமன்று. அதன் ஒரு பகுதியே.

எஞ்சிய அந்தப் பகுதியைக் கடல் எடுத்துக்கொண்டு செய்கிற காரியத்தை, அவசரப்படாமல் ஒரு பிற்பகல் முழுவதும் நின்று பார்க்க வேண்டும். அலை உடைந்து மேலேறும்போது பெரியதையும் சிறியதையும், கனத்ததையும் இலேசானதையும் ஒருசேர வாரிக்கொண்டு வருகிறது. மேலேறிய நீரில் ஒரு பங்கு மணலுக்குள் இறங்கிவிடுகிறது. மீதி, வலிமை குன்றியதாய், சரிவில் மெல்லியதொரு தகடாகத் திரும்பி வழிகிறது. அந்தத் திரும்புகையில்தான் தேர்வு நிகழ்கிறது. குவார்ட்ஸின் அடர்த்தி நீரைப்போல் 2.65 மடங்கு, கார்னெட் ஏறக்குறைய 4 மடங்கு, இல்மனைட்டும் சிர்க்கானும் 4.7-ஐ ஒட்டியவை; மேக்னடைட் என்னும் காந்தக்கல் 5.2. கனத்த மணிகள் உருவிலும் சிறியவை, ஆதலால் பெரிய குவார்ட்ஸ் மணிகளின் இடுக்கில் ஒதுங்கிக்கொள்கின்றன. தலைதூக்கி நிற்கும் இலேசான பெரிய மணியை நீர் உருட்டிச் சென்றுவிடுகிறது. புதூர்நாட்டில் பெண்கள் முறத்தில் சாமையைப் புடைக்கும்போது உமி பறந்து மணி தங்குவதுபோல், இங்கே வெண்மணல் நகர்ந்து கருமணல் தங்குகிறது. ஐப்பசி கார்த்திகையில் வாடைக்காற்றோடு பெருத்த அலைகள் வந்து கரையை அரிக்கும் நாட்களில் இவ்வேலை மும்முரமடைகிறது. இலேசான மணல் ஆழத்துக்கு இழுத்துச் செல்லப்பட, கரையின் மேற்சரிவில் கருப்பும் செம்மையும் கலந்த பட்டைகள் வெளிப்படுகின்றன. கடல் அடங்கிய மாதங்களில் வெண்மணல் மெல்லத் திரும்பிவந்து அவற்றை மூடிவிடுகிறது. சதுரங்கப்பட்டினத்திலோ மாமல்லபுரத்திலோ முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி அதன் சுவரைப் பார்த்தால், விரலின் பருமனுக்கும் குறைவான கரிய கோடும் வெளிய கோடும் அடுக்கடுக்காக இருப்பது தெரியும். சினந்த கடலும் தணிந்த கடலும் மாறி மாறி எழுதிய வரிகள் அவை.

கடற்கரையில் களிமண் ஏன் இல்லை என்பதும் இதனாலேயே விளங்கும். அலையின் ஓயாத அசைவில் களித்துகள் படிய முடியாது. அது அமைதியான இடம் தேடிப் போகிறது. முத்துப்பேட்டையின் அலையாத்திக் காட்டில், பழவேற்காட்டுக் காயலில், ஆழ்கடலின் இருளில் அதற்கு இடம் கிடைக்கிறது. அலை உடைகிற கரையில் தங்குவது 2 மில்லிமீட்டருக்கும் ஒரு மில்லிமீட்டரின் பதினாறில் ஒரு பங்குக்கும் இடைப்பட்ட மணல் மட்டுமே. கரையின் மணலைக் கையிலெடுத்துப் பார்த்தே அங்குள்ள கடலின் சுபாவத்தைச் சொல்லிவிடலாம். ஆனால் மணியின் வடிவத்தை வட்டமாக்குவது அலைக்கு எளிதன்று. நீரில் உருளும் குவார்ட்ஸ் மணல் மிகமிக மெதுவாகவே முனை மழுங்குகிறது என்பதை ஃபிலிப் கூனன் என்னும் டச்சு அறிஞர் சோதனைகளால் காட்டினார். காற்றில் உருளும்போதுதான் அது விரைந்து உருண்டையாகிறது. கடல் வகை பிரிக்கிறது. புதிதாக ஒன்றையும் உண்டாக்குவதில்லை.

இவ்விடத்தில் கன்னியாகுமரியின் ஐதிகம் நினைவுக்கு வருகிறது. சுசீந்திரத்து இறைவன் குமரித் தெய்வத்தை மணக்க வரவிருந்த இரவில், விடிந்துவிட்டதென்ற மயக்கத்தால் மணம் நின்றுபோக, விருந்துக்காகக் குவித்திருந்த அரிசியும் தானியங்களும் சமைக்கப்படாமலே மணலாயின என்பது அக்கதை. அங்குள்ள பலநிற மணலை யாத்திரிகர்கள் வாங்கிச் செல்வதுண்டு. வெண்மை குவார்ட்ஸினுடையது, செம்மை கார்னெட்டினுடையது, கருமை இல்மனைட்டினுடையது, இளமஞ்சள் மோனசைட்டினுடையது என்று ரசாயன சாஸ்திரி பிரித்துச் சொல்லிவிடுவார். அவர் சொல்வதை ஏற்றுக்கொண்ட பிறகும் கதையின் துக்கம் குறைவதில்லை. அந்தத் தானியம் உண்ணப்பட்டிருந்தால் அழிந்திருக்கும். உண்ணப்படாமையால் அழியாத ஒன்றாகிவிட்டது. அழியாததாகிவிட்டபடியால் இனி எவருக்கும் உணவாக இயலாது. அழியாமை இங்கே வரமாகச் சொல்லப்படவில்லை, இழப்பாகவே சொல்லப்படுகிறது. இந்தக் கதையைக் கட்டிய பெயர் தெரியாத பாமர மக்கள், தத்துவ ஞானிகள் பலர் தொடாத ஒரு நரம்பைத் தொட்டுவிட்டார்கள் என்றே நான் எண்ணுகிறேன்.

தத்துவ ஞானிகள் மணலைப் பற்றிப் பேசாமலில்லை. காரியம் காரணத்தில் முன்பே அடங்கியிருக்கிறது என்னும் சற்காரிய வாதத்தை நிறுவ வந்த சாங்கிய உரைகாரர்கள், எள்ளிலிருந்து எண்ணெய் வருகிறது, மணலிலிருந்து வருவதில்லை என்று எடுத்துக்காட்டினார்கள். எதிலிருந்து எதுவும் பிறக்காதோ அதற்கு உதாரணமாக அவர்களுக்குக் கிடைத்த பொருள் மணல். நிலைத்திருப்பதே உயர்வு என்ற கொள்கைக்கும் இந்த உதாரணத்துக்கும் உள்ள முரண்பாட்டை அவர்கள் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. ஏனெனில் மணல் என்பது, மலையில் அழியக்கூடியவையெல்லாம் அழிந்து நீங்கியபின் எஞ்சிய அழியாப் பகுதியல்லவா? அழியாமையின் உருவமாக நம் கைக்கு எட்டுவது எதுவோ, அதுவே மலட்டுத்தன்மையின் உதாரணமாகவும் நிற்கிறது.

அழியாததை இகழ்வது என் நோக்கமன்று. அதற்கு உரிய பெருமை ஒன்று உண்டு. அது சாட்சியாக இருக்கும் பெருமை. சிர்க்கான் என்னும் மணியை எடுத்துக்கொள்வோம். பிறக்கும்போதே சிறிதளவு யுரேனியத்தைத் தன்னுள் ஏற்று, ஈயத்தை ஏற்க மறுத்துப் பிறக்கிறது. யுரேனியம் அணு அணுவாக ஈயமாக மாறிக்கொண்டிருக்க, இரண்டின் விகிதத்தை அளந்து அதன் வயதைக் கணிக்கிறார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் பகுதியில் கிடைத்த சிர்க்கான் மணிகள் சில ஏறக்குறைய 440 கோடி ஆண்டு வயதுடையவை. அவற்றைப் பெற்ற பாறை இன்று உலகில் எங்கும் இல்லை; அந்த மணிகள் மட்டுமே அக்காலத்துப் பூமிக்குச் சாட்சி. மாறுவன எல்லாவற்றையும் கண்டு தான் மாறாது நிற்கும் சாட்சி என்று உபநிடதங்கள் ஆன்மாவைச் சொன்னதற்கு, ஜடப்பொருளில் இதைவிட நெருங்கிய சாயல் கிடைப்பது அரிது. சாயல்தானேயன்றி நிரூபணமன்று, சிர்க்கானும் ஒருநாள் உருகும், ஜடத்தின் நடையைக் கொண்டு ஆன்மாவின் கதியை நிலைநாட்டிவிட முடியாது. இந்த எல்லையை ஒப்புக்கொண்டே மேலே செல்கிறேன்.

ஆனால் அதே உபநிடதங்களில் மற்றொரு குரலும் இருக்கிறது. தைத்திரீயத்தில் வருணன் தன் மகன் பிருகுவைத் தவம் செய்து பிரம்மத்தை அறியும்படி ஏவுகிறான். மகன் முதலில் கண்டறிவது அன்னமே பிரம்மம் என்பதை. அவன் அதற்கு மேலும் சென்று, பிராணன், மனம், விஞ்ஞானம் என்ற படிகளைக் கடந்து ஆனந்தத்தை அடைகிறான் என்பது உண்மை. எனினும், உச்சியை அடைந்த பிறகும் அந்த நூல் அன்னத்தை மறந்துவிடவில்லை. அன்னத்தை இகழலாகாது, அதைப் பெருக்க வேண்டும் என்று விரதமாக விதிக்கிறது. கடலுக்கு அதிபதியாகிய வருணனே இந்த உபதேசத்தைத் தொடங்கி வைப்பவன் என்பதை நம் பொருளுக்கு ஏற்ற ஒரு தற்செயல் என்று மட்டும் குறித்து நிறுத்துகிறேன்.

சாட்சி, அன்னம் என்ற இவ்விரண்டும் எவ்வாறு பிரிகின்றன என்பதைச் சார்னகைட் பாறையினுள்ளேயே காணலாம். பொடியளவே உள்ள இரண்டு பாஸ்பேட்டுக் கனிமங்கள் அதில் உண்டு. ஒன்று அபடைட், கால்சியத்தோடு சேர்ந்த பாஸ்பேட். மற்றொன்று மோனசைட், சீரியம், லாந்தனம் முதலிய அருமண் உலோகங்களோடு சேர்ந்து தோரியத்தையும் தாங்கிய பாஸ்பேட். இரண்டிலும் உயிருக்கு இன்றியமையாத பாஸ்பரஸ் இருக்கிறது. அபடைட் பலவீனமானது, மண்ணின் புளிப்பிலும் வேரின் சுரப்பிலும் மெல்லக் கரைகிறது. கரைந்ததைச் சாமைப் பயிர் உறிஞ்சி மணியில் சேர்க்கிறது. அந்தச் சாமையை உண்ட குழந்தையின் எலும்பில் அது மீண்டும் கால்சியம் பாஸ்பேட்டாகவே படிகிறது. எலும்பின் கனிமம் அபடைட் குடும்பத்தைச் சேர்ந்ததே. மோனசைட்டோ கரைவதில்லை. மலையிலிருந்து ஆற்றுக்கும் ஆற்றிலிருந்து கரைக்கும் தன் பாஸ்பரஸை இறுகப் பொத்தி வைத்துக்கொண்டே வந்து, கல்பாக்கத்தின் கரையிலும் தெற்கே மணவாளக்குறிச்சியிலும் கருமணலோடு கலந்து கிடக்கிறது. திருவிதாங்கூர்க் கரையிலிருந்து சென்ற கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானிய ரசாயனர் 1909-இல் அதைக் கண்டுபிடித்தார். வாயு விளக்கின் வலைக்குத் தோரியம் தேவைப்பட்ட காலம் அது. 1950-இல் இந்திய அருமண் நிறுவனம் தோன்றியதும் மோனசைட்டின் பொருட்டே. மோனசைட்டுக்கும் பயன் உண்டு; ஆனால் அந்தப் பயனை வெளிக்கொணரக் கொதிக்கும் அமிலமோ காரமோ வேண்டும். ஒரே தாயின் வயிற்றில் பிறந்த இரண்டில், தன்னைக் கரைத்துக்கொண்டது எலும்பாயிற்று. கரைய மறுத்தது கரையில் ஒதுங்கியது.

கால்சியத்தின் கதையும் அப்படியே. மலையில் கரைந்து கடலுக்குச் சென்ற கால்சியத்தைச் சிப்பியும் சங்கும் எடுத்து ஓடாக்குகின்றன. ஓடு உடைந்து மீண்டும் மணலோடு கலக்கிறது. அதைப் பொறுக்கிச் சுட்டுச் சுண்ணாம்பாக்கி வீடு கட்டினார்கள், வெற்றிலையில் தடவினார்கள். ஃபெல்ட்ஸ்பார் அழிந்து உண்டான களிமண்ணே பானையாகிறது, ஆவணிச் சதுர்த்தியில் பிள்ளையாராகிறது.

அழிவைப் பற்றிச் சைவ சித்தாந்திகள் சொன்ன விடையை இங்கே கருதிப் பார்ப்பது கடமை. இறைவனின் ஐந்தொழிலில் சங்காரமும் ஒன்று. அது கொடுமையன்று, பிறந்திறந்து களைத்த உயிர்களுக்கு இளைப்பாறுதல் தரும் கருணை என்பது அவர்கள் கொள்கை. ஒடுங்கிய இடத்திலிருந்தே உலகம் மீளத் தோன்றுகிறது என்று மெய்கண்டார் சிவஞான போதத்தின் தொடக்கத்திலேயே நிறுத்திவிடுகிறார். மாயையின் காரியங்கள் அழியுமேயன்றி மாயை அழிவதில்லை என்பதால் இழப்பு என்று ஒன்றும் இல்லை. அழிவை அருளின் முகமாகக் கண்ட இந்தப் பார்வை மிக உயர்ந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அது அழிவை, அழிகிற பொருளின் பக்கத்திலிருந்து மட்டுமே பார்க்கிறது: களைத்தது இளைப்பாறுகிறது, ஒடுங்கியது மீள்கிறது. புதூர்நாட்டுச் சரிவில் நான் காண்பது வேறொரு பக்கம். அபடைட் தன் இளைப்பாறுதலுக்காகவா கரைந்தது? அது மீளத் தோன்றுவது அபடைட்டாக மட்டுமன்று, கதிராகவும் எலும்பாகவும். அழிவு இங்கே ஓய்வைக் காட்டிலும் ஈகையை ஒத்திருக்கிறது. சங்காரத்தை இளைப்பாற்றல் என்று சொன்னவர்கள், அதை ஊட்டுதல் என்றும் சொல்லியிருக்கலாம். அவர்கள் வகுத்த இலக்கணத்துக்குள் அதற்கும் இடமிருக்கிறது என்பதே என் துணிபு.

அத்தகைய பார்வை தமிழ்நாட்டு வழிபாட்டில் மறைந்து கிடக்கிறது என்பதற்குக் காஞ்சி ஏகாம்பரநாதரே சான்று. பஞ்சபூதத் தலங்களில் நிலத்துக்கு உரியது காஞ்சி. ஆற்றங்கரையில் அம்பிகை மணலைக் குவித்து லிங்கமாக்கிப் பூசித்ததாகவும், கம்பையாறு பெருகி வந்தபோது அது கரைந்துவிடுமே என்று மார்போடு தழுவிக்கொண்டதாகவும் தலபுராணம் கூறுகிறது. இன்றும் அத்திருமேனிக்கு நீராட்டுவதில்லை, ஆவுடையாருக்கே அபிஷேகம். கல்லில் வீற்றிருக்கும் இறைவன் எங்கும் இருக்கிறான். கல்லுக்கு வெள்ளத்தால் ஆபத்தில்லை, ஆகவே எவரும் ஓடிவந்து அணைக்கவும் தேவையில்லை. கரையக்கூடிய உடலை இறைவன் ஏற்றதனாலேயே அம்பிகைக்குத் தழுவும் பேறு கிட்டிற்று. அழியாத பரம்பொருளை அழியக்கூடிய மணலில் எழுந்தருளச் செய்த பக்தி உள்ளம், சத்து என்பதற்கு வேதாந்தம் வகுத்த இலக்கணத்தை மறுக்கவில்லை. அதற்கு இன்னொரு பாதியைச் சேர்த்தது.

மணலின் யாத்திரை தடையின்றி நடக்கும் காலமும் இப்போது போய்விட்டது. செங்கத்துக்கு அருகே குப்பநத்தத்தில் செய்யாற்றை மறித்து அணை எழுந்தபின், மலை தருவதில் ஒரு பகுதி அங்கேயே தங்கிவிடுகிறது. பாலாற்றுப் படுகையிலோ, தேங்கிய மணலை வீடு கட்ட வாரிச் சென்று பல இடங்களில் களித்தரை வெளிப்பட்டிருக்கிறது. கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலைச் சென்னைத் துறைமுகச் சுவர் தடுத்ததும், தெற்கே மெரீனா அகன்றதும், வடக்கே இராயபுரம் அரிக்கப்பட்டதும் 1876-க்குப் பிறகு நாம் கண்ட வரலாறு. அழிவைத் தடுத்துவிட்டோம் என்று எண்ணிய இடத்தில் ஊட்டத்தைத் தடுத்துவிட்டோம். ஊட்டம் நின்ற கரையை, முன்பு வகை பிரித்துக் காத்த அதே அலை இப்போது தின்கிறது. இதனைப் பொறியியல் பிரச்சினை என்று மட்டும் கருதுவோர் உண்டு. ஒரு பொருள் உரிய காலத்தில் உரிய வழியில் அழிந்துபோவது உலகத்தின் உரிமை என்பதை உணராத மனத்தின் பிரச்சினையாகவும் எனக்கு இது தோன்றுகிறது.

இராமேசுவரத்துக்கும் காசிக்கும் இடையே நம் முன்னோர் வகுத்த யாத்திரை விதியை இந்த நோக்கில் மீண்டும் ஆராய்ந்தால் நன்று. சேதுவில் நீராடி அங்குள்ள மணலை எடுத்து, லிங்கமாகப் பிடித்துப் பூசித்து, சுமந்து சென்று பிரயாகையின் திரிவேணியில் கரைத்துவிட்டு, கங்கை நீரைக் குடத்தில் கொணர்ந்து இராமநாதருக்கு அபிஷேகம் செய்ய வேண்டும் என்பது அவ்விதி. இராமநாதர் திருமேனியும் சீதாபிராட்டி மணலால் பிடித்ததாகவே சொல்லப்படுகிறது. ஆறுகள் மலையிலிருந்து கடலுக்குச் செய்கிற யாத்திரையை, மனிதன் கடலிலிருந்து ஆற்றுக்குத் திருப்பிச் செய்கிறான். பூசித்த பொருளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் நீரில் விட்டுவிடுவதோடுதான் பூசை நிறைவு பெறுகிறது. பிரயாகையில் விட்ட மணல் கங்கைப் படுகையில் இமயத்து மணலோடு கலந்து, வங்காளத்தின் முகத்துவாரங்கள் வழியே அதே வங்கக் கடலுக்கு வரக் கடமைப்பட்டது. அங்கே கங்கையும் பிரமபுத்திராவும் கொட்டிய வண்டல் கடலடியில் ஏறக்குறைய 3000 கிலோமீட்டர் நீளத்துக்கு விசிறிபோல் விரிந்து, ஈழத்தையும் பூமத்திய ரேகையையும் தாண்டித் தெற்கே செல்கிறது. சேதுவின் மணலில் ஒரு மணியேனும் அவ்வழியே வந்து, தான் புறப்பட்ட கரையைக் கடந்து அப்பால் போயிருக்கக்கூடும்.